புளி போட்டு விளக்கிய கண்ணாடி

சிம்மக்கல், மதுரை
14.3.1979

அன்பு மகன் வீரணனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். அந்த ஊர்க் குளிரில் உன் நெஞ்சுச் சளி எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை. நம் சொந்த ஊர் பேரையூரில் இந்த வருசமும் மழை இல்லை, கிணறு வற்றிக் கிடக்கிறது. உன் கடிதம் முந்தாநாள் வந்தது. நீ இருக்கும் ஜெர்மனியில் எண்ணூறு வருசத்துக்கு முன்பே கோயில்களுக்கு வண்ணக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள், நிறத்தைக் காய்ச்சும்போதே கலந்து, துண்டு துண்டாக வெட்டி ஈயப் பட்டையில் சேர்க்கிறார்கள், கண் மூக்கு வாயை மட்டும் கருப்புப் பொடியால் எழுதிச் சூளையில் சுடுகிறார்கள், சூடு பற்றாவிட்டால் பின்னால் உதிர்ந்துவிடும் என்றெல்லாம் எழுதியிருந்தாய். நம் கண்ணாடிக் கடையில் நின்றபடியே படித்தேன், அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. பத்து நாள் முன்னால் இது வந்திருக்கக் கூடாதா அய்யா.

மாதா கோயில் சன்னல் மூலையில் சிறகோடு மண்டியிட்டிருக்கும் சின்னச் சம்மனசு உனக்கு நினைவிருக்கும், நூறு வருசத்துக்கு முன் கப்பலில் வந்த கண்ணாடி. நம் அன்னக்கொடி காய்ச்சலில் போன பிறகு அம்மா அந்த முகத்தில்தான் அவளைப் பார்த்தாள். உன் தங்கைக்கு ஒரு போட்டோ கூட இல்லை, பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று ஒன்பது வயது வரை தடுத்தவன் நான்தான். ஏழு வருசமாக வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருவாள். போன வாரம் அந்தச் சன்னலில் ஈயம் விட்டுப்போனதைச் சரிசெய்யச் சாமியார் என்னைக் கூப்பிட்டார். வேலை முடிந்ததும், அம்மா பார்க்கிற முகமாயிற்றே, பளிச்சென்று இருக்கட்டும் என்று, முகத்தில் இருந்த கருப்பு நிறத்தை மெழுகுவர்த்திப் புகை என்று நினைத்து, குத்துவிளக்கு விளக்குகிற மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்தேன். முப்பது வருசம் கண்ணாடி வெட்டிய கை இது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் கண்ணும் இல்லை, வாயும் இல்லை.

சாமியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அம்மா வெள்ளிக்கிழமை போனாள், ரொம்ப நேரம் பார்த்தாள், நல்லாத்தான் வெளக்கியிருக்கீக, பிள்ளையத்தான் காணோம் என்றாள். அன்றிலிருந்து சமைக்கிறாள், சோறு போடுகிறாள், பேச்சு மட்டும் இல்லை. நீ நன்றாகப் படம் வரைவாய், அன்னக்கொடி முகத்தை வரைந்து அனுப்பு. கண்ணாடியில் ஏற்ற வேண்டாம், காகிதத்தில் இருந்தால் போதும். தழும்பு இடது புருவத்திலா வலதிலா என்று எனக்கே தடுமாறுகிறது, அம்மாவிடம் கேட்கவும் வாய் வரவில்லை.

மீனாட்சி உனக்குத் துணை இருப்பாள், எங்கள் ஆசியும் உண்டு. வெந்நீரே குடி. மறக்காமல் நீயும் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, இனிமேல் நான் தடுக்க மாட்டேன்.

உன் அப்பா,
முத்திருளன்