முதல் நூறு கிலோமீற்றர்

அன்பு மச்சான் குகனுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையை வைத்துவிட்டேன். நீ உயிரோடு இருந்த கடைசி இரண்டு மாதமும் உன் முகத்தை நிமிர்ந்து பார்க்காதவன் இப்போது அன்பு என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரி. சிரிக்கக் கூடாத இடத்தில் சிரிப்பது உனக்கு நன்றாக வரும்.

வருகிற கிழமை உன் ஆண்டுத் திவசம். உன் பெண்சாதி, என் தங்கச்சி வசந்தி, உனக்கு நினைவு மலர் அச்சடிக்கப் போகிறாள். அட்டையில் உன் படம். நீ சீப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எடுத்த அந்தப் படம்தான். உள்ளே ஒரு பக்கம் நான் எழுத வேண்டும் என்று சொல்லி என் டயர்க் கடைக்கு வந்து தாள் தந்துவிட்டுப் போனாள். என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசித்துப் பார்த்தேன். தங்கமான மனுசனாம். யார் மனதையும் நோகடிக்காதவனாம். மச்சான், செத்துப்போனதால் மட்டும் நீ நல்லவனாகிவிட மாட்டாய். நீ வாய்க்கொழுப்புப் பிடித்தவன். நாலு பேர் கூடினால் அதில் ஒருவனை மட்டம் தட்டாமல் உனக்குச் சோறு செமிக்காது. அந்த ஒருவன் அநேகமாக நானாகத்தான் இருந்தேன்.

நான் கலியாணம் முடித்துப் புளியந்தீவுக்குப் பெண்சாதி வீட்டோடு வந்துவிட்டேன். நீ கலியாணம் முடித்து வவுணதீவில் நான் பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் போனாய். அது எங்கள் பக்கத்து வழக்கம், அதில் எனக்குக் கோபமில்லை. நான் படுத்த அறையில் நீ படுத்தாய். நான் வைத்த மாமரத்தில் நீ மாங்காய் பிடுங்கினாய். அதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் உன் மகள் தர்ஷி பெரிய பிள்ளையான சாமத்திய வீட்டில் நீ செய்ததை நான் மறக்கவில்லை. இப்போதும் மறக்கவில்லை, நீ இல்லாதபோதும்.

தாய்மாமன் நான். பிள்ளையின் தலையில் முதல் தண்ணீர் வார்ப்பது என் உரிமை. வேட்டி கட்டி, கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முன்னால் வந்து நிற்கிறேன். நீ செம்பை எடுத்து எங்கள் பெரியம்மாவின் மகனிடம் கொடுத்தாய். அவனும் வசந்திக்கு அண்ணன் முறைதான். அரசாங்கக் கச்சேரியில் வேலை, வெள்ளைச் சட்டை, படத்துக்கு எடுப்பான ஆள். கொடுத்துவிட்டுச் சபை முழுக்கக் கேட்கச் சத்தமாகச் சொன்னாய்.

"மச்சான்ட கையில கிறீஸ். பிள்ளைட தலையில பட்டாப் போகாது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்குத்தான் என் மீதே எனக்கு அதிகம் கோபம். அதோடு உன்னோடு பேச்சை விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மாரி தொடங்கிய நேரம், ஒரு பின்னேரம் நீ என் கடை வாசலில் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாய். உன் டயர் இரண்டும் நடுவில் தட்டையாகிப் பலகை போல் தேய்ந்திருந்தன. பட்டணத்தில் எத்தனை கடை. வேறெங்கும் போயிருக்கலாம். இறங்கி வந்து சொன்னாய்:

"ரெண்டு டயரையும் மாத்து மச்சான். நீதான் மாத்தணும்."

நீதான் என்று நீ சொன்னது இப்போது எனக்கு வேறு மாதிரிக் கேட்கிறது. அன்றைக்கு அதை நான் கட்டளையாகவே எடுத்தேன். இவர் சொல்வார், கிறீஸ்காரன் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். நீ சமாதானம் பேசத்தான் வந்தாயா? அதைக் கேட்டுத் தெளிய எனக்கு இனி ஆளில்லை.

வேலையைச் செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலையை யாருக்கும் செய்யவில்லை. புது டயரில் பாரம் குறைந்த இடத்தைக் காட்டும் மஞ்சள் பொட்டைக் காற்றடிக்கும் வால்கட்டைக்கு நேரே வைத்துப் பூட்டினேன். பிறகு டயர் பூட்டிய சில்லை அச்சில் தூக்கித் தாங்கியில் விட்டு, ஒரு விரலால் சுழற்றினேன். பாரமான பக்கம் கீழே வந்து நின்றது. அங்கே வெண்கட்டியால் கோடு போட்டு, எதிர்ப்பக்கக் கம்பியில் ஈயம் சுற்றினேன். கம்பெனி ஈயம் முடிந்திருந்தது, வாவியில் மீன் பிடிக்கும் வலையில் கட்டுகிற ஈயத்தைத் தட்டித் தட்டையாக்கி வைத்திருந்தேன், அதைச் சுற்றினேன். மறுபடி சுழற்றினேன். மறுபடி கொஞ்சம் நறுக்கினேன். எந்த இடத்தில் விட்டாலும் சில்லு அந்த இடத்திலேயே அசையாமல் நிற்கும்வரை விடவில்லை. இந்த ஊரில் மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு பார்ப்பவர்கள் இல்லை. நீ ஓடும்போது என் கை வேலையை உணர வேண்டும், உணர்ந்து வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தேன்.

நீ மர வாங்கில் குந்தி இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாய். இரண்டு தரம் பேச்சைத் தொடங்கினாய், மழையைப் பற்றி, தர்ஷியின் படிப்பைப் பற்றி. நான் காற்றடிக்கும் மெசினைப் போட்டுவிட்டேன்.

புது டயர் போட்டவர் யாராக இருந்தாலும் நான் ஒன்று சொல்வேன். உனக்கு அது தெரியாது, நீ அதற்கு முன் என்னிடம் டயர் மாற்றியதில்லை. புது டயரின் மேல் அதை வார்த்த அச்சில் இருந்து வந்த மினுக்கம் இருக்கும், தொட்டால் வழுக்கும். ஓடி ஓடி அது தேய்ந்தால்தான் றோட்டைப் பிடிக்கும். அதனால் முதல் நூறு கிலோமீற்றர் பார்த்து ஓட வேண்டும், வளைவில் சரிக்கக் கூடாது, பிரேக்கை இறுக்கக் கூடாது. கிழவன், குமரி, பொலிஸ்காரர், பாதிரியார் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிடிக்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

உனக்குச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் மலரில் வாசிப்பவர்கள் ஐயோ பாவம் என்பார்கள். மறக்கவில்லை மச்சான். வார்த்தை நுனி நாக்கில் நின்றது. வெளியே தூறல் விழுவதும் தெரிந்தது. நீ மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் பண்ணி, ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்து நின்றாய். போயிட்டு வாறன் மச்சான் என்றாய். நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பினேன். சறுக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு முழங்கால் தேயட்டும், அந்தக் காற்சட்டை கிழியட்டும், நாலு பேர் பார்க்கச் சேற்றில் இருந்து எழும்பட்டும். முழங்கால் அளவுக்குத்தான் நினைத்தேன்.

அன்றைக்கே, வீட்டுக்குப் போகிற வழியில், வலையிறவுப் பாலம் தாண்டி வருகிற வளைவில், மதகுக் கட்டில் நெஞ்சு அடிபட்டுக் கிடந்தாய். வயல் வட்டையில் இருந்து மிதி சைக்கிளில் வந்த ஒருவர்தான் கண்டிருக்கிறார். விழுவதற்கு முன் நீ இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சைக்கிளைச் சரித்துச் சரித்து, வாய்விட்டுப் பாடிக்கொண்டு போனாயாம். நாற்பத்தைந்து வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி.

இதுவரைக்கும் உள்ளதை எப்படியாவது சுமந்திருப்பேன். அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும்.

செத்த வீட்டில் உன்னை நடு வீட்டில் கிடத்தியிருந்தார்கள். வசந்தி உன் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் பிறந்த நாளில் இருந்து அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கிரானில் இருந்து வந்த என் வாடிக்கையாளர் ஒருவர், நல்ல மனதோடுதான், என்னைப் புகழ்ந்தார். புது டயர் வழுக்கும் என்று இந்த மனுசன் எல்லோருக்கும் சொல்லித்தான் அனுப்புவார், எனக்கும் சொன்னார் என்றார். வசந்தி தலையை நிமிர்த்தினாள்.

"அண்ண, இவருக்கும் சொன்னீங்களா?"

வீடு முழுக்க என்னைப் பார்த்தது. நீயும் அங்கேதான் கிடந்தாய்.

"சொன்னன். கேட்டாத்தானே."

அவளுடைய அழுகை அந்த இடத்திலேயே நின்றது. பெட்டியில் இருந்து கையை எடுத்தாள். உன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போய்ச் சுவரோரம் இருந்தாள். மற்றப் பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள், அவள் வைக்கவில்லை. இந்த ஒரு வருசமாக உனக்காக அவள் அழுததை யாரும் காணவில்லை. கூரையில் ஒழுகினால் உன்னை ஏசுகிறாள். தர்ஷிக்குப் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடும்போது உன்னை ஏசுகிறாள். ஒரு சொல்லுக் கேட்டிருந்தா இருந்திருப்பார் என்கிறாள். தர்ஷி முதலில் அப்பாவுக்காக வாதாடினாள். இப்போது அவளும் அதையே சொல்லப் பழகிவிட்டாள்.

உன் அம்மா ஒரு நாள் கடைக்கு வந்தா. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, என்ட பிள்ளை உங்கட சொல்லை மதிக்கல்ல, மன்னிச்சிருங்க தம்பி என்று கேட்டா. நான் மன்னித்தேன் மச்சான். வாயைத் திறந்து, பரவாயில்லை அம்மா என்றேன். என்னைப் போல ஒரு பிறவியை நீ எங்கேயாவது கண்டிருக்கிறாயா?

போன மாதம் வசந்தி உன் சைக்கிளை லேண்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி அனுப்பினாள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாள், போய்வர வேண்டுமாம். வளைந்த முன் ரிம்மை மாற்றினேன். டயர் இரண்டும் அதே டயர்தான். ஓடினது என் கடையில் இருந்து அந்த மதகு வரைக்கும்தான், டயர்ப் பக்கத்தில் நீட்டி நிற்கும் ரப்பர் மயிர்கூட விழவில்லை. அவற்றையே பூட்டி, மறுபடி ஈயம் பார்த்து, அவளிடம் கொடுக்க முன் முதல் நூறு கிலோமீற்றரையும் நானே ஓடுவது என்று முடிவெடுத்தேன்.

மூன்று நாள் ஓடினேன். மச்சான், இத்தனை வருசம் ஊருக்கெல்லாம் டயர் மாற்றியவன், அந்த டயரில்தான் புது டயர் என்றால் என்ன என்று அறிந்தேன். தேய்ந்த டயரில் வளைவுக்குள் இறங்க சைக்கிளோடு மல்லுக்கட்ட வேண்டும். அது முதலில் மறுக்கும், பிறகு தொப்பென்று விழும். புது டயர் உருண்டை. நீ பார்க்கிற பக்கம் அது தானாகக் கிறுகித் திரும்பும். சைக்கிளின் பாரத்தில் பாதியை யாரோ இறக்கிவிட்ட மாதிரி இருக்கும். நான் ஈயம் சரியாகப் பார்த்தபடியால் எழுபதில் போனாலும் ஹாண்டிலில் ஒரு நடுக்கம் இல்லை. அந்த நடுக்கம் மட்டும் இருந்திருந்தால் நீ வேகத்தைக் குறைத்திருப்பாய். நான் கெட்ட வேலைக்காரனாக இருந்திருந்தால் நீ இன்றைக்கு இருந்திருப்பாய்.

நூறு முடிந்த அன்று பாலத்தைத் தாண்டி அந்த வளைவுக்கு வந்தேன். றோட்டு காய்ந்து கிடந்தது, டயரும் பிடித்துவிட்டது. நான் சரித்தேன். இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். வாவிக் காற்று முகத்தில் அடித்தது. நீ விழுந்த இடத்தில், உன் டயரில், எனக்குச் சந்தோசமாக இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, நீ அன்றைக்கு எடுப்புக் காட்டவில்லை. வேண்டாம் என்று ஒருவன் சொல்லாவிட்டால் யாருக்கும் சரிக்கத்தான் மனம் வரும்.

சைக்கிளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வசந்திக்கு வழக்கம்போல, மழைக்குப் பார்த்து ஓடச் சொன்னேன். நான் சொல்லுக் கேக்கிற ஆள்தானே, இவர்தான் கேக்கல்ல என்றாள். பிறகு மூன்று நாள் கழித்துத் தாளோடு கடைக்கு வந்தாள். என்ன எழுத வேண்டும் என்று அவள் சொன்னது இதுதான்:

"நீங்க சொன்னதையும் இவர் கேக்காததையும் எழுதுங்க அண்ண. வாசிக்கிற பிள்ளைகளாவது திருந்தட்டும்."

உன் படத்துக்குப் பின்பக்கம் அது அச்சாக வேண்டுமாம். வீடு வீடாகக் கொடுப்பார்கள். உன் பேரப்பிள்ளைகளும் ஒரு நாள் எடுத்து வாசிக்கும்.

அதைத்தான் எழுத இருந்தேன். தாளின் தலைப்பில் உன் பேரையும் போட்டுவிட்டேன். எழுதி வந்தது இது.

உன்னை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்தச் செம்பு விசயத்தில் நீ செய்தது பிழைதான், நீ எழும்பி வந்தாலும் அதைச் சொல்லுவேன். ஆனால் நீ சொல்லுக் கேளாதவன் இல்லை. உன் பெண்சாதி உன்மேல் கோபித்த ஒவ்வொரு நாளும் என்மேல் கோபித்திருக்க வேண்டிய நாள்.

நாளைக் காலை தர்ஷி பள்ளிக்கூடம் போக முன், அவளும் வசந்தியும் வீட்டில் இருக்கும்போது போவேன். தாளைக் கொடுத்துவிட்டு ஓடிவர மாட்டேன், நின்று நானே வாசிப்பேன். உன் அம்மாவையும் கூட்டிவந்து இருத்துவேன். அச்சகத்துக்குப் போவதும் இதுதான், ஒரு எழுத்தும் மாறாது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலில் என்னை மிதிக்க விடமாட்டாள் என்று தெரியும், அவள் என் அப்பாவின் மகள், அதே பிடிவாதம். திவசத்துக்கும் என்னைக் கூப்பிட மாட்டாள். ஆனால் அன்றைக்கு உன் படத்துக்கு முன்னால் இருந்து அவள் அழுவாள். ஒரு வருசம் நான் அடைத்து வைத்த அழுகை அது. உனக்குச் சேர வேண்டியதை உனக்குத் தந்துவிடுகிறேன் மச்சான். ஒரு தங்கச்சி எனக்கு இருந்தாள் என்பது அதோடு முடியட்டும்.

உனக்கு மட்டும் சொல்லாமல் விட்ட,
உன் மச்சான்