திருடிக்கு வைத்த பத்தியம்

5-1-2025, ஞாயிறு

காலையில் விறகு எடுக்கக் கொட்டகைக்குப் போனேன். தக்காளி கிரேட்டுகளுக்குப் பின்னால் முனகல். எட்டிப் பார்த்தால் திருடி. தெருநாய்தான், பெயர் நான் வைத்தது. மூன்று வருடத்துக்கு முன்னால், ஆடி மாதம் இரண்டாம் செவ்வாய், என் கறுப்புக் கோழியைக் கவ்விக்கொண்டு போனவள். அன்றிலிருந்து அவளைக் கண்டால் கல்லெடுப்பேன். இன்றும் கல்லோடுதான் குனிந்தேன்.

ஐந்து குட்டி. கண் திறக்காமல், எலி மாதிரி. திருடி வாலை ஒரே ஒரு தடவை தரையில் தட்டினாள்.

ஊரில் எத்தனை கொட்டகை இருக்கிறது, இவளுக்கு என்னுடையதுதான் கிடைத்ததா? கல்லைக் கீழே போட்டேன். கோழியை மறந்துவிட்டேன் என்று அர்த்தமில்லை.

6-1-2025, திங்கள்

குளிர் தாங்கவில்லை. மகன் தினேஷ்குமாரின் பழைய கம்பெனிச் சட்டையை அவளுக்கு விரித்தேன்.

இந்தத் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் பத்தியத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். படித்தது அஞ்சாங் கிளாஸ், நினைப்பு டாக்டருக்கு மேல். நாயானால் என்ன, பிள்ளை பெற்றவள்தானே? சுக்கு, மிளகு, திப்பிலி இடித்து, வெல்லத்தில் உருட்டி, ராகிக் களிக்குள் வைத்துக் கொடுத்தேன். வயிறு தொங்கக் கூடாதென்று பழைய புடவையைக் கிழித்து இடுப்பில் கட்டினேன். சாம்பிராணி போட்டேன். தும்மினாள்.

பச்சைத் தண்ணீர் கிடையாது. பெற்றவள் தண்ணீர் குடித்தால் வயிறு ஊதும், குட்டிக்குச் சளி பிடிக்கும். காலையில் ஒரு கை, சாயங்காலம் ஒரு கை, சுக்குத் தண்ணீர் மட்டும். சாக்கடையில் வாய் வைத்துவிடுவாள் என்று கொட்டகைக் கதவைச் சாத்திக் கொக்கி போட்டேன்.

"நாய்க்கு எதுக்குப் பாட்டி பாவாட?" என்று கேட்டாள் ஹரிணி. பேத்திக்கு ஏழு வயது. வாய் அவள் அம்மாவுடையது.

7-1-2025, செவ்வாய்

இடுப்புத் துணியைக் கடித்துத் துப்பிவிட்டாள். மறுபடி கட்டினேன். மறுபடி துப்பினாள். பிடிவாதக்காரி. ஒரு வீட்டில் அந்தக் குணத்துக்கு ஒருத்தி போதும், அதற்கு நான் இருக்கிறேன்.

8-1-2025, புதன்

குட்டிகள் ஓயாமல் கத்துகின்றன. மடியில் பால் இல்லை போல. திருடி கதவையே பிறாண்டுகிறாள். மருமகள் மாதேஸ்வரி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே கொட்டகைக்கு வந்தாள்.

"தண்ணி எங்கத்தே?"

"சுக்குத் தண்ணி காலையிலயே குடுத்தாச்சு."

"நாக்கப் பாருங்க. காஞ்சு கெடக்குது."

"ஊருக்கே பத்தியம் பாத்தவ நானு. எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

"எனக்கும் நீங்கதானே பாத்தீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

குத்திக் காட்டுகிறாள்! ஹரிணி பிறந்தபோது அவள் அம்மா காலொடிந்து கிடந்தாள். அதனால் பிரசவம் இங்கேதான், பத்தியம் என் பொறுப்பு. பன்னிரண்டாம் நாள், நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து ஒரு சொம்புப் பச்சத் தண்ணியத் திருட்டுத்தனமாக் குடிச்சா. கையும் களவுமாப் புடிச்சேன். வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். மறுநாளே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குருபரப்பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள். யார் வீட்டுக்கு? கால் ஒடிஞ்சவ வீட்டுக்கு! ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தாள். அதன் பிறகு பேச்செல்லாம் அளந்துதான். சோறு ஆச்சு, பஸ் வந்துருச்சு — அவ்வளவே.

மன்னிப்புக் கேட்பாள் என்று ஏழு வருடமாகக் காத்திருக்கிறேன்.

9-1-2025, வியாழன்

வெள்ளைக்கால் குட்டி செத்துவிட்டது. வேப்பமரத்தடியில் புதைத்தேன். என் பத்தியத்தில் ஒரு குறையும் இல்லை. பின்னே ஏன்?

10-1-2025, வெள்ளி

இருப்பதிலேயே சின்னது இன்று தலை தூக்கவில்லை. நாலு குட்டியையும் கூடையில் போட்டு, திருடியைக் கயிற்றில் கட்டி, கெலமங்கலம் மாட்டாஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோ ஏறினேன். நாயோடு ஏறிய என்னை எல்லாரும் பார்த்தார்கள். கோழி செத்த அன்று இவளைக் கொல்வேன் என்று சபதம் போட்டவள், மடியில் வைத்துக்கொண்டு போகிறேன்.

டாக்டர் ஆனந்தராஜ் திருடியின் முதுகுத் தோலைப் பிடித்து இழுத்தார். இழுத்தது இழுத்தபடியே நின்றது.

"தண்ணி எப்படி வெக்கறீங்க?"

"காலைல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை."

"அஞ்சு நாளாவா? அப்பறம் பாலு எதுல இருந்துங்க வரும்?"

"புள்ள பெத்தவளுக்குத் தண்ணி ஆவாதுங்களே."

"நாயோ மனுசியோ, பாலு குடுக்கறவளுக்குத்தான் தண்ணி ரொம்ப வேணும் பாட்டிம்மா. மனுசங்க யாருக்காவது இந்த மாதிரி வெச்சீங்களா?"

"ச்சே, இல்லீங்க" என்றேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில், நான் பத்தியம் பார்த்தவர்களை ஒவ்வொரு பெயராக நினைத்துப் பார்த்தேன். எனக்கு ஞாபகசக்தி அதிகம். பெருமை பேசிக்கொண்டு திரிந்தேனே, இன்று அனுபவித்தேன்.

வீட்டில் குண்டான் நிறையத் தண்ணீர் வைத்தேன். குடித்தாள், குடித்தாள், நிமிரவே இல்லை. ஒரு குண்டான் முடிந்து இன்னொன்று. நானும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

திருட்டுத்தனமாகக் குடித்தாள் என்று முந்தாநாள் எழுதினேன். தான் வாழ வந்த வீட்டில் ஒருத்தி தண்ணீரைத் திருடிக் குடிக்க வேண்டியிருந்தால்?

11-1-2025, சனி

டாக்டர் கொடுத்த பால்மாவைக் கரைத்துச் சின்னதுக்குச் சொட்டு சொட்டாக ஊட்டினோம். மாதேஸ்வரி குட்டியைப் பிடித்துக்கொண்டாள், நான் ஊட்டினேன். இதுதான் சமயம், சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தலையக் கொஞ்சம் தூக்கிப் புடி" என்றுதான் வந்தது.

14-1-2025, செவ்வாய், பொங்கல்

நாலும் தாயிடம் முட்டி முட்டிக் குடிக்கின்றன. இன்றும் சொல்லவில்லை.

19-1-2025, ஞாயிறு

சின்னது கண் திறந்தது. முதலில் பார்த்தது என் மூஞ்சியை. பாவம், இனி எதைப் பார்த்தும் பயப்படாது.

மாதேஸ்வரி சிரித்துவிட்டாள். உடனே எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். ஆனாலும் பார்த்துவிட்டேன்.

26-1-2025, ஞாயிறு

எதிர்வீட்டு ராசாத்தி வந்தாள். அவள் மகள் சரிதாவுக்கு வெள்ளிக்கிழமை ஆண் பிள்ளை.

"சரோஜாக்கா, மருந்து இடிச்சுக் குடு. நீ சொல்ற மாதிரியே தண்ணிக் கொடத்த எடுத்து உள்ள வெச்சுட்டேன்."

"மொதல்ல அத வெளிய வெய்யி. கேக்கறப்பெல்லாம் அவளுக்குக் குடு."

ராசாத்தி இடுப்பில் கை வைத்தாள். "ஏங்க்கா, உம் மருமவ ஒரு சொம்பு குடிச்சதுக்கு நீ போட்ட கூச்சல் ராயக்கோட்டை வரைக்கும் கேட்டுச்சே. இப்ப மட்டும் என்னவாம்?"

உள்ளே மாதேஸ்வரி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது.

"அன்னிக்கு எம்மேலதான் தப்பு" என்றேன்.

"என்னது?"

அன்று கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டது. இது பக்கத்தில் நின்றவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொல்ல வேண்டியதாயிற்று, கொஞ்சம் சத்தமாக. "எம் மருமவளத் தண்ணி குடிக்க விடாதது தப்பு. எனக்குத் தெரியல. இப்பத்தான் தெரிஞ்சுது."

யார் சொல்லித் தெரிந்தது என்று கேட்டாள். நாய் சொன்னது என்றேன். எனக்குப் புத்தி கலங்கிவிட்டதாக இந்நேரம் தெரு முழுக்கச் சொல்லியிருப்பாள். அதையும் ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

ராசாத்தி போன பிறகு மாதேஸ்வரி ஈரக் கையோடு வந்து வாசற்படியில் நின்றாள். பிறகு கேட்டாள், "டீ வெக்கறேன். ஒக்காந்து குடிக்கலாமா அத்தே?"

இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம். சர்க்கரை தூக்கல். அவளிடம் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.