தீவில் ஹீற்றர் ஓடிய ஒரே கார்

மச்சான்,

முந்தநாள் பண்ணைப் பாலத்தில் ஏறும்போது காரின் ஏசிக் காற்று முகத்தில் சில்லென்று அடித்தது. பக்கத்துச் சீட்டில் நீ இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இந்தக் குளிர் சித்திரையிலேயே வந்திருக்க வேண்டும். அப்போது வந்திருந்தால் உன் முகத்தில் பட்டிருக்கும். இப்போது என் முகத்தில் அடித்து யாருக்கு என்ன பயன்?

இதை எழுதும் மேசையில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி கிடக்கிறது. விரல் நீளம்கூட இல்லை. உனக்குப் பாதிக் கதை தெரியும். மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் என் மனம் ஆறும்.

வேலணைச் சந்தி தாண்டி ஒரு நாம்பன் மாடு குறுக்கே பாய்ந்ததும், அதைத் தப்பவைக்கப் போய் நான் மதகில் இடித்ததும் உனக்கு நினைவிருக்கும். முன்பக்கம் நசுங்கி ரேடியேற்றரும் போய்விட்டது. திருத்தவென்று பட்டணத்துக் கராச்சில் கார் மூன்று கிழமை நின்றது. சித்திரையில் திரும்பி வந்தபோது முகம் பார்க்கலாம் போலப் பெயின்ற் மினுங்கியது. ஏசியைப் போட்டால் மட்டும் உள்ளே அனல் அடித்தது.

வேறு காராக இருந்தால் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பேசாமல் ஓடியிருக்கலாம். அது கிழமைக்கு இரண்டு தடவை உன்னை ஊர்காவற்றுறையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு இரத்தம் சுத்திகரிக்கக் கொண்டுபோகும் கார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட உனக்குக் குடிக்கும் தண்ணீரையும் அளந்துதான் தந்தார்கள். தொண்டை வறண்டாலும் குடிக்க ஏலாது. அந்த வெயிலில் காரின் குளிர் ஒன்றுதான் உனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் பறித்துவிட்டார்கள்.

முதல் தடவை கொண்டுபோனபோது ஏசிக் காஸ் காணாது என்று புதிதாக அடைத்துவிட்டார்கள். இரண்டாம் தடவை, காஸ் எங்கேயோ கசிகிறது என்று மறுபடியும் அடைத்தார்கள். மூன்றாம் தடவை போனது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில். ஈரத்துவாயைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நீயும் இறங்கி வந்தாய். பொனற்றைத் திறக்கச் சொல்லி, என் கையைப் பிடித்து ஒரு குழாயில் வைத்தாய்.

"இஞ்ச பார், இது ஏசிக் குழாய். குளிர்ந்து வேர்த்துக் கிடக்கு. அப்ப காஸ் சரியாத்தான் இருக்கு. இப்ப இதைப் பிடி. சுடுதோ? இது ஹீற்றருக்குப் போற சுடுதண்ணி. குமிழைக் குளிரிலை வைச்சிருக்கேக்க இது ஏன் உள்ளுக்குப் போகுது? ஏசி குளிராக்க ஹீற்றர் சூடாக்குது. இந்தத் தீவிலயே ஹீற்றர் ஓடுற ஒரே கார் உன்ரதானடா!"

முப்பது வருடம் மீன்பிடி வள்ள எஞ்சினைக் கடலில் வைத்தே திருத்தியவன் நீ. தண்ணீர் எந்த வழியால் போகிறது, எந்த வழியால் வருகிறது என்றுதான் முதலில் பார்ப்பாய். கராச் முதலாளியிடம் மரியாதையாகத்தான் சொன்னாய்.

"தம்பி, இந்தக் குழாயை ஒருக்கா நெரிச்சுப் பிடிச்சுப் பாப்பம். உள்ளுக்குக் குளிர் வந்தால் கதை முடிஞ்சுது."

"கடல்தொழில் செய்யிற நீங்கள் வள்ளத்தைப் பாருங்கோ ஐயா. இது கொம்பியூட்டர் பூட்டிப் பாக்கிற வேலை" என்றான் அவன். நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நீ அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். நான் என்ன சொன்னேன்? "விடடா, அவங்களுக்குத் தெரியும்தானே." நீ போய்க் காருக்குள் ஏறி, துவாயை மறுபடியும் நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாய்.

ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். ஆனால் எனக்கு அந்த முதலாளி 'சேர்' போட்டு மரியாதை தந்தான். என்னுடையது தோட்டம் துரவு உள்ள குடும்பம், பிரதேச செயலகத்தில் கதிரையில் இருந்த உத்தியோகம். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் குழாயை நெரித்துப் பார்த்திருப்பான். ஒரு நிமிட வேலை. நான் சிரித்தவர்களின் பக்கம் போய் நின்றேன். அதன்பிறகும் நீ இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாய். குறடு பிடிக்க உன் கையில் பலமில்லை. நான், நாளைக்குப் பார்ப்பம் என்றேன்.

ஆவணியில் நீ போய்விட்டாய். காரின் சூட்டால் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனால் உன் கடைசிப் பயணங்கள் எல்லாம் அந்த அனலுக்குள்தான் நடந்தன. அதற்கு அந்தக் கராச் பாதிக் காரணம், நான் பாதி.

உன் முப்பத்தோராம் நாள் பூசைக்கு உன் மனைவி றீற்றாவை நான்தான் காரில் ஏற்றிப் போனேன். வழியில் அவள் சும்மா கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"அண்ணை, அவர் சொன்ன குழாயை நெரிச்சுப் பாத்தனீங்களோ?"

பூசை முடிந்ததும் கோயில் வளவிலேயே ஏசியை ஓடவிட்டுப் பொனற்றைத் திறந்து, குழாயில் துணியைச் சுற்றிக் குறட்டால் நெரித்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து றீற்றா கத்தினாள். "அண்ணை, குளிருது! குளிருது அண்ணை!" பிறகு துவாயால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது உன்னுடைய துவாய்.

குழாயைத் தடவிக்கொண்டே போனேன். நடுவில் சுடுதண்ணீரைத் திறந்து மூடும் சின்ன வால்வு. காருக்குள் குமிழைத் திருப்பினால் ஒரு கேபிள் அதை இழுத்து மூட வேண்டும். கேபிள் கழன்று தொங்கியது. வால்வைத் திறந்தபடியே இந்தக் கட்டுக்கம்பியால் கட்டி வைத்திருந்தார்கள்.

அடுத்தநாள் கம்பியை முதலாளியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். "ஓ, அதுவோ? இடிபட்டதில கேபிளின்ர கொக்கி உடைஞ்சு போச்சு. யாழ்ப்பாணத்தில ஆருக்கு சேர் ஹீற்றர்? தேவைப்படாது எண்டு இருந்தபடியே கட்டி விட்டனாங்கள்" என்றான்.

தேவைப்படாதாம்! சூட்டைத் திறக்க மட்டுமல்ல, மூடவும் அதே கேபிள்தான் வேண்டும் என்ற யோசனையே அவனுக்கு வரவில்லை. மூன்று தடவை பொனற்றைத் திறந்தவன் தன் கையால் கட்டிய கம்பியைப் பார்க்கவில்லை. காட்ட வந்த உன்னையும் கலைத்துவிட்டான். என் ஆயுளில் நான் அப்படிக் கத்தியதில்லை. அவன் கொக்கியை மாற்றிப் பூட்டினான். பிறகு மெல்லக் கேட்டான்.

"ஆர் சேர் இதைப் பிடிச்சது?"

"வள்ளத்தைப் பார் எண்டு நீ சொன்ன மனுசன்."

"அந்த ஐயாவோ? அவரை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோவன். அந்தா, அந்த வானும் இடிபட்டு வந்து இதே மாதிரித்தான் நிக்குது."

"ஏலாது" என்றேன்.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். நானே அந்த வானின் பொனற்றைத் திறக்கச் சொல்லி, ஒரு கையைக் குளிர்க் குழாயிலும் மறு கையைச் சுடுகுழாயிலும் வைத்தேன். நீ காட்டியபடியே நெரித்தேன். குளிர் வந்தது. அன்று சிரித்தவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களுக்கு உன் முழுப்பெயரையும் சொன்னேன். தகப்பன் பெயரோடும் ஊரோடும், என்ன தொழில் செய்தவன் என்பதோடும் உரத்துச் சொன்னேன். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

கம்பியை இப்போதெல்லாம் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். நீ இருந்தால், "விடடா, அவன் தெரியாமச் செய்திட்டான்" என்பாய். அன்றைக்குக் கராச்சில் உன்னிடம் அந்த 'விடடா'வைச் சொன்னவன் நான். இனி நீயே வந்து சொன்னாலும் விடமாட்டேன்.