அறையையே கூட்டிக்கொண்டு போனீர்கள்

அக்கா,

நேற்று காலை ஷிஃப்ட்டில் நம் யார்டுக்கு ஒரு வண்டி வந்தது. நம் லைனிலிருந்து வெறும் அடிச்சட்டமாகப் போன சேஸிஸ்தான். வெளியே யாரோ அதன்மேல் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேரவனாகக் கட்டி, பிரேக் சோதனைக்குத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். கதவைத் திறந்தேன். புது ப்ளைவுட், பிளாஸ்டிக், லேசான கேஸ் நெடி. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், தலை சுத்துதா?" என்று டெஸ்ட் டிரைவர் பதறினார். இல்லை என்றேன். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உங்களைப் பற்றி அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஒரகடத்தில் லாரி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த அன்று, லைன் முடிவில் பெரிய லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து, கோட்டுக்குள் ஒரு விரல்கூடப் பிசகாமல் நின்றது. அதிலிருந்து குதித்து இறங்கியவர் நீங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் உங்கள் பக்கத்து சீட் என் சீட்டானது. டெஸ்டிங்கில் நாம் இரண்டே பெண்கள். ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு ஆள் கேட்டபோது இரண்டு பேரும்தான் கை தூக்கினோம்.

பயிற்சி முடிகிற நேரத்தில் பள்ளிக்கூட விடுமுறை வந்தது. என் கணவர் உங்கள் மகள் ஜெனியையும் என் மகன் கவினையும் கூட்டிவந்து விட்டுவிட்டு, லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டார். ஜெனிக்குப் பதினொரு வயது. பனி மலையைத் தொட்டுப் பார்க்காமல் ஊர் திரும்பமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கவினுக்கு ஏழு. அவனுக்குப் பேச்சு குறைவு. பழகாத இடம் ஆகவே ஆகாது. நம் ஃப்ளாட்டுக்கு வந்த முதல் நான்கு நாள் கதவுக்குப் பின்னால் சுருண்டு கிடந்தான். பனி மலைக்குப் பத்து நாள் பயணம், ஊருக்கு ஒரு ஓட்டல் என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். "நீங்க ஜெனியைக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்கக்கா, நாங்க ரெண்டு பேரும் இங்கனயே இருந்துக்கிடுதோம்" என்றேன்.

நீங்கள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டீர்கள்: "அவனுக்கு இன்னா மாறினா பிரச்சினை? ஊரா, ரூமா?"

யோசித்தேன். ரூம்தான் என்றேன்.

"அப்ப ரூமையே இட்டுகினு போலாம்."

இரண்டு நாளில் வாடகைக்கு ஒரு கேரவன் வேனைப் பிடித்துவிட்டீர்கள். உள்ளே இரண்டு படுக்கை, ஒரு மேஜை, இரட்டை அடுப்பு. டிரைவர் தலைக்கு மேலே, ஏணி வைத்து ஏறுகிற மாதிரி ஒரு பொந்து. கவின் தன் பச்சைப் போர்வையோடு அந்தப் பொந்தில் ஏறிப் படுத்தான். அன்று மாலை அதுவே அவன் வீடாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஊர் மாறிக்கொண்டே இருந்தது; அவன் கூரை மாறவில்லை. பெற்ற எனக்கு ஏழு வருஷமாகத் தோன்றாத யோசனை அது.

வலப்பக்கம் ஓட்டுகிற நாடு. திருப்பம் வரும்போதெல்லாம் இந்தியக் கை இடப்பக்கம் போய்விடும் என்று பயந்து, பிள்ளைகளுக்கு நீங்கள் ஒரு வேலை கொடுத்தீர்கள்: திருப்பம் வந்தால் "ரைட்டு! ரைட்டு!" என்று கத்த வேண்டும். ஜெனி நம் ஊர் கண்டக்டர் மாதிரியே சீட்டைத் தட்டிக்கொண்டு கத்துவாள். இரண்டாம் நாள் கவினும் சேர்ந்துகொண்டான். அவன் ஒரு சொல்லைத் தானாக எடுத்து, சரியான இடத்தில் சொல்லி நான் கேட்பது அபூர்வம். பின்சீட்டில் நான் அழுததை நீங்கள் கண்ணாடியில் பார்த்தீர்கள். அடுத்த ரவுண்டானாவைத் தேவையே இல்லாமல் மூன்று தடவை சுற்றினீர்கள்.

நான்காம் நாள் மேட்டில் ஏறும்போது என்ஜின் சூடு முள் எகிறியது. நீங்கள் ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து, "வாட்டர் பம்ப் போச்சு" என்றீர்கள். இழுவை வண்டி நம்மைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டது. பாகம் வர இரண்டு நாளாகும் என்றார், நரைத்த மீசைக்காரரான அதன் சொந்தக்காரர். ஆனால் கவலை வேண்டாம், வாடகைக் கம்பெனியே வேறு வேன் அனுப்புகிறது என்றார். மாலைக்குள் வந்தும்விட்டது. இன்னும் பெரியது, புதியது. ஜெனி தன் பையோடு போய் ஏறிக்கொண்டாள். படுக்கை எல்லாம் பின்பக்கம். மேலே பொந்து இல்லை.

நான் பச்சைப் போர்வையை மடிக்கப் போனேன். கவின் அலறிய அலறலில் மீசைக்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார். ஏணியைக் கட்டிக்கொண்டு விடவில்லை. என் கையைக் கடித்தான். நான் மீசைக்காரரிடம் சாரி சொன்னேன். புது வேன் கொண்டுவந்தவரிடம் சாரி சொன்னேன். ஜெனியிடம் சொன்னேன். உங்களிடம் திரும்பி, "சாரிக்கா, எல்லாரையும் கெடுத்துட்டோம்" என்றேன்.

உங்கள் முகத்தில் நான் கோபத்தைப் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"எதுக்கு சாரி? அவன் வூட்ட வுட்டு வரமாட்டேன்றான். நீ வருவியா? பொறந்ததுலேர்ந்து அவனுக்காக ஊர்ல எல்லார்கிட்டயும் சாரி கேட்டுகினே கீற. அவன் இன்னா தப்பு பண்ணான், சொல்லு?"

நீங்கள் நேராகப் போய், புது வேனைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னீர்கள். பாகம் வரும்வரை யார்டிலேயே எங்கள் வேனில் தங்கிக்கொள்கிறோம் என்று, தெரிந்த ஜெர்மனிலும் மீதியைக் கையாலும் சொன்னீர்கள். மீசைக்காரர் தண்ணீர்க் குழாயைக் காட்டினார்.

ஜெனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. இரண்டு நாள் போனால் பனி மலை கிடையாது. டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அழுதாள். நீங்கள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். சமாதானம் சொல்வீர்கள், தம்பி பாவம் என்பீர்கள் என்று நினைத்தேன்.

"உன்ன கேக்காம நானா முடிவு பண்ட்டேன். அது உனக்கு அநியாயந்தான். கோவப்படு. ஆனா என்மேல படு. அவன் மேல வாணாம்."

அவள் அன்று உங்களோடு பேசவில்லை. நீங்களும் வற்புறுத்தவில்லை. மீசைக்காரரிடம் ஒரு நீல ஓவரால் வாங்கி மாட்டிக்கொண்டு, பழைய பம்ப்பைக் கழற்ற அவருக்குக் கை கொடுத்தீர்கள். நீங்கள் போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கியதைப் பார்த்து அவர் தன் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மா செர்ரி கேக் கொண்டுவந்தார். அந்தத் தட்டிலேயே நாம் எலுமிச்சை சாதம் வைத்துக் கொடுத்தோம்.

மறுநாள் காலை, கவின் தானாக ஏணியிலிருந்து இறங்கி வொர்க்‌ஷாப்புக்குள் போனான். ஒரு கார் லிஃப்ட்டில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. "ரைட்டு" என்றான். மீசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த தடவை பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, அவன் சொல்லும்வரை காத்திருந்தார். "ரைட்டு." கார் ஏறியது. மதியத்துக்குள் அங்கிருந்த ஆட்கள் எல்லாம் கவின் உத்தரவு இல்லாமல் எதையும் தூக்குவதில்லை என்று ஆகிவிட்டது. டயர் மேலிருந்த ஜெனி, சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள்.

பனி மலைக்கு நாம் போகவில்லை. வேன் சரியானதும் ஓர் ஏரி வரை போய்த் திரும்பினோம். அங்கிருந்து தூரத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது, அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் அதே ஷிஃப்ட், அதே பஸ் சீட். ஐந்து வருஷம் கழித்து நோய் வந்து, எட்டே மாதத்தில் உங்களைக் கொண்டுபோய்விட்டது. கடைசி வாரம் ஆஸ்பத்திரியில்கூட, புதிதாகச் சேர்ந்த பெண்ணை யார்டில் ஓட்ட விடுகிறார்களா என்றுதான் என்னிடம் கேட்டீர்கள்.

அடக்கத்தன்று உங்கள் வீட்டுக்குக் கவினை அழைத்து வரவேண்டாம் என்றார்கள். அழைத்து வந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன், காதைப் பொத்திக்கொண்டு, சத்தமாக முனகியபடி உங்கள் பெட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தான். ஜெபம் நின்றுபோனது. "யார்மா இந்தப் புள்ள? கொஞ்சம் வெளிய இட்டுகினு போங்க" என்றார் ஒரு பெரியவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த 'சாரி' வாய்வரை வந்தது, அக்கா. விழுங்கினேன்.

"அவங்களப் பாக்கத்தான் அவனும் வந்திருக்கான்" என்றேன்.

ஜெனி எழுந்து, அவன் நடக்கிற வழியிலிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாக ஓரமாக நகர்த்தி வைத்தாள்.