கறிமீன் வேண்டாம் என்றவன்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கச்சான் காற்று. கண்ணுக்குள் மணல். கடைவாய்ப் பல் குத்து இன்னும் போகவில்லை, கராம்பு வைத்தும் பயனில்லை.

காலையில் வலை இழுப்பு. சாளை, கொஞ்சம் பாரை. நிலாவெளி ஹோட்டலிலிருந்து வெள்ளைக்காரர் இரண்டு பேர் வந்து கயிறு பிடித்தார்கள். அவர்களைக் கூட்டிவந்த வான் டிரைவரும் பிடித்தான். சிங்கள ஆள், ஐம்பது வயதிருக்கும். பழகின கை. இடுப்பைக் கொடுத்துப் பின்னுக்கு நடந்தான்.

இழுத்து முடிய எல்லோருக்கும் கறிமீன், அன்றைய கறிக்கென்று ஆளுக்கொரு பங்கு. அப்பா காலத்து முறை. கயிற்றில் கை வைத்தவனை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, அவன் யாராயிருந்தாலும். வெள்ளைக்காரர்கூடச் சிரித்துக்கொண்டு வாங்கினார்கள். டிரைவர் மட்டும் மீனைப் பிடித்தபடி, "இந்த வலை யாருது?" என்று கேட்டான். வலைக்குப் பொறுப்பான நசீர் நானா என்னைக் காட்டிச் சொன்னார்: "யோகமக்காட. முந்தி அவட தம்பி ரவி பாத்தது." அவ்வளவுதான். மீனை மணலில் வைத்துவிட்டு வானுக்குள் போய் ஏறிவிட்டான்.

கறிமீன் வேண்டாம் என்ற ஆளை இன்றுதான் கண்டேன். எனக்கு வந்த கோபம்!

"என்ன திமிர் பாருங்கோ நானா."

"உடு தங்கச்சி, மீன் ஒத்துக்காதாக்கும்."

ஒத்துக்கொள்ளாதாம். அப்படியென்றால் கயிறு ஏன் பிடிக்கிறான்? அந்த மீனைக் காகம் கொத்தியது.

வியாழன் கோட்டில் தவணை. சண்டைக் காலத்தில் தம்பியை ஆமி சுட்ட வழக்கு. சேலை தோய்க்க வேண்டும். அடுப்புக் காஸ் முடியப்போகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

காற்று குறைவு. எங்கள் சட்டத்தரணிப் பிள்ளை போன் எடுத்தா. நாளைக்கும் ஆமிப் பக்கம் பழைய கதைதானாம். இரண்டு பக்கமும் சுட்டதில் இடையில் அகப்பட்ட ஆள், யாரென்று தெரியாது.

"வேணுமெண்டு சுட்டதெண்டு சொல்ல ஒரு சாட்சி வேணும் அக்கா. இல்லாட்டி நாளையோட மூடிப்போடுவினம்."

சாட்சிக்கு எங்கே போவேன்? அன்றைக்குக் கரையில் நின்ற எங்கள் ஆட்கள் தோணிக்குப் பின்னால் குப்புறக் கிடந்தவர்கள். சத்தம் கேட்டார்கள், சுட்டவனைக் காணவில்லை.

அம்மா வழமைபோல: "தெரியாதெண்டு எப்பிடிப் பிள்ளை சொல்லுவினம்? ஒவ்வொரு நாளும் மீன் குடுத்தவனெல்லே." உண்மைதான். காவலரண் ஆமிப் பொடியன்கள் பொழுது போகாமல் வந்து கயிறு பிடிப்பார்கள். தம்பி அவர்களுக்கும் கறிமீன் கொடுப்பான். நான்தான் ஏசுவேன்.

பின்னேரம் வாசலில் வான். அதே ஆள். பெயர் நிமல். கதிரை போட்டேன், இருக்கவில்லை.

"அக்கா, நான் முந்தி இங்க காவல்ல இருந்தது."

கையில் அகப்பை. எறிந்திருப்பேன். ஏன் எறியவில்லை என்று தெரியாது.

"ரவி தம்பி மீன் குடுத்தது, நான் சாப்பிட்டது. பிறகு எப்பிடி அக்கா அந்த வலை மீன் வாங்கிறது?"

கேட்டேன். இத்தனை வருஷமும் கேட்க ஆள் கிடைக்காத கேள்வி. "தெரியாமல் சுட்டதோ, வேணுமெண்டு சுட்டதோ?"

முதல் நாள் கண்ணிவெடியில் அவர்களின் பொடியன்கள் செத்தார்களாம். அவர்களுக்குப் பெரியவன் வெறி பிடித்து நின்றானாம். விடிந்து கரைக்கு முதலில் வருகிறவனைச் சுடுவேன் என்றானாம். முதலில் வந்தது தம்பி.

"நான் கத்தினது அக்கா. அது மீன் தம்பி, சுடவேணாம் எண்டு. அவர் சொன்னது, தெரியும் எண்டு. தெரிஞ்சுதான் சுட்டது."

குசினிக்குள் போய் அழுதேன். திரும்பி வந்தால் அம்மா அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டு நிற்கிறா. இந்த அம்மாவை என்ன செய்வது!

"நாளைக்குக் கோட்டில சொல்லுவீங்களோ?" நிலத்தைப் பார்த்தான். பென்ஷன் இருக்கிறது, ஊர் இருக்கிறது, இரண்டு பெண்பிள்ளைகள். "பாக்கிறது அக்கா" என்றான். பார்க்கிறதாம்.

ஆமிக்காரர் எல்லோரும் ஒன்று என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். ஒருத்தன் தெரிந்தே சுட்டான். ஒருத்தன் சுடாதே என்று கத்தினான். ஒரே உடுப்பு. தலை இடிக்கிறது.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூட்டம், மழை இல்லை. டவுன் வரை பஸ்ஸில் நின்றபடி. கன்னம் வீக்கம்.

கோட்டு வாசலில் வான் இல்லை. எத்தனை தரம் எட்டிப் பார்த்தேனோ. நசீர் நானா: "வருவான். கயிறு புடிச்ச கை."

"விசர்க்கதை கதைக்காதேங்கோ நானா."

எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால் பின்வாங்கில் இருக்கிறான்! வெள்ளைச் சேட்டு, இஸ்திரி போட்டது. வானை விட்டுவிட்டு விடியற்காலை பஸ்ஸில் வந்திருக்கிறான்.

சாட்சிக் கூண்டில் ஏறிச் சிங்களத்தில் சொன்னான், ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நீதவான் கேட்டார், இறந்தவர் யாரென்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"ஒவ்வொரு நாளும் அவர் தந்த மீனைத்தான் சமைத்தோம். சுட்டவரும் சாப்பிட்டார்."

அந்தப் பக்கத்துச் சட்டத்தரணி எழும்பினார், பிறகு இருந்துவிட்டார்.

வழக்கை மூடவில்லை! அந்தப் பெரியவனுக்கு அழைப்பாணை. எங்கள் சட்டத்தரணிப் பிள்ளை என் கையை நசுக்கியே விட்டா. வெளியே வந்து தேடினேன், நிமல் போய்விட்டான்.

வீட்டில் அம்மா கேட்டது ஒன்றுதான். "சொன்னவனே?"

ஓம் அம்மா. சொன்னவன்.

அம்மா சோறு போட்டுச் சாப்பிட்டா. இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினா.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நல்ல வெயில். பல்லைத் திங்கள் பிடுங்குகிறார்களாம். காஸ் முடிந்தே விட்டது.

வலையில் பாரை குவிந்தது. பாதி இழுப்பில் வான் வந்து நின்றது. நசீர் நானா கொஞ்சம் தள்ளி நின்று கயிற்றில் இடம் விட்டார்.

கறிமீன் பிரிக்கும்போது பெரிய பாரையாகப் பார்த்து நானே எடுத்தேன். தம்பி என்றால் இதைத்தான் எடுத்திருப்பான். "இந்தாங்கோ நிமல்." கையைத் துடைத்தான், நீட்டவில்லை. மீனை அவன் கைக்குக் கிட்டத் தள்ளினேன். கோபமோ என்னவோ, எனக்கே தெரியவில்லை.

"பிடியுங்கோ, வெயில் ஏறுது."

இரண்டு கையாலும் வாங்கினான்.