பக்க அடியில் ஒரு பெயர்

மார்ச் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருந்த துணிக் கம்புகளை அவசரமாக உள்ளே இழுத்ததில் என் துணி தப்பித்தது, இவர் சட்டைகள் நனைந்தன. அதற்கு ஒரு முணுமுணுப்பு.

இன்று:
– இவருக்கு பிரஷர் மாத்திரை
– கறிவேப்பிலைக்கு மண்
– மின்னூல் ஆர்டர் மூன்று. பெயர் போட்டு அனுப்ப.

என் நாவல் 'அரை நாள் விடுப்பு' நன்றாகவே போகிறது. பதிப்பகம் கிடையாது, கடை கிடையாது. முதல் அத்தியாயத்தை ஃபேஸ்புக்கில் இலவசமாகப் போட்டிருக்கிறேன். பிடித்தவர்கள் என் கைபேசி எண்ணுக்குப் பணம் அனுப்பிவிட்டுப் பெயரைச் சொல்வார்கள். பக்கத்துக்குப் பக்கம் அடியில் அந்தப் பெயரைப் பதித்து பி.டி.எஃப். அனுப்புவேன்: 'இந்தப் பிரதி இன்னார் அவர்களுக்கு மட்டும்.' என் முதல் புத்தகத்தை எந்தப் புண்ணியவானோ வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டதிலிருந்து இந்த ஏற்பாடு. 212 பக்கத்திலும் தன் பெயர் இருந்தால் ஓசியில் கொடுக்க யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

மூன்றாவது ஆர்டர், படம் இல்லாத புது எண். ஒரே வரி. "பெயர்: கா. வேலாயுதம்."

பழக்க தோஷம். அடித்தேன், பதித்தேன், அனுப்பியும் விட்டேன். அடுப்பில் பொங்கிய பாலைத் துடைக்கும்போதுதான் கை அப்படியே நின்றது.

அந்தப் பெயர்க்காரன்தான் என் நாவலில் முத்து. உண்மைப் பெயரை யாரிடமும் சொன்னதில்லை, இவரிடம்கூட. ஜூரோங் கப்பல் பட்டறையில் நான் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது கப்பல் டேங்க்குக்குள் செத்துப்போன தொழிலாளி, ஊரிலிருந்து வேலைக்கு வந்தவன். பதினெட்டு வருஷம் ஆகிறது.

ஒரே பெயரில் ஊரில் ஆயிரம் பேர். கா. என்ற இனிஷியலோடு?

இனி வே. என்றே எழுதுகிறேன். முழுசாக எழுதக் கை வரவில்லை. மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

காலை 9.40-க்கு அந்த எண்ணிலிருந்து ஒரு படம். ஜூரோங், பழைய பட்டறைக் கேட். வேலி, மூடிய காவல் கூண்டு, ஆள் இல்லை. படத்தின் ஓரத்தில் இன்னொரு கைபேசித் திரை, அதில் என் புத்தகம், பக்கம் 31. அடியில் அந்தப் பெயர்.

31-ஆம் பக்கத்தில்தான் கிளார்க் முத்துவுக்கு அரை நாள் விடுப்புச் சீட்டு எழுதிக் கொடுக்கிறாள். அவன் கேட்டைத் தாண்டி வெளியே வருகிறான். நேரம் காலை 9.40 என்று எழுதியிருக்கிறேன்.

"நீங்கள் யார்?" என்று அனுப்பினேன். இரண்டு மணி நேரம் கழித்து பதில்.

"வாசிக்கிறேன். இன்னும் முடிக்கல."

இவரிடம் காட்டினேன். "உனக்கு ரசிகர் மன்றமே வந்துடுச்சு லா," என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7, சனி

11.05-க்கு அடுத்த படம். தேக்கா சந்தை, கோப்பிக்கடை மேசை. இரண்டு கண்ணாடிக் குவளையில் தே, பால் விட்ட டீ. ஒன்று பாதி குடித்தது. மற்றது தொடாமல் ஆடை படிந்து கிடக்கிறது, அதன் முன்னால் நாற்காலி காலி.

நாவலில் முத்து 11.05-க்கு அங்கேதான் தே குடிக்கிறான். தனியாக.

அழைத்துப் பார்த்தேன். மணி போகிறது, எடுக்கவில்லை. எண்ணைத் தடுத்துவிடலாமா என்று விரல் வரை வந்தது. தடுத்தால் அடுத்து எங்கே நிற்கிறார் என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். அது இதைவிட மோசம்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப்போகிறார்கள்.

நான் சீட்டு கொடுக்கவில்லை. அன்று காலை ஒன்பதரைக்கு வே. என் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, டேங்க்குக்குள் பெயிண்ட் வாடை தாங்கவில்லை, தலை சுற்றுகிறது, அரை நாள் வேண்டும் என்றான். சூப்பர்வைசர் கையெழுத்து இல்லாமல் கொடுக்கக்கூடாது என்பது விதி. ஆனாலும் எத்தனையோ பேருக்கு நான் முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்கியிருக்கிறேன். அன்று ஓவர்டைம் தாள்கள் மேசை நிறைய. எரிச்சல். தலையைக்கூட நிமிர்த்தாமல், "நாலு மணிக்கு வா" என்றேன்.

இரண்டு மணிக்கு அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவன் காலையில் என்னிடம் வந்தானா என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதனால்தான் நாவலில் சீட்டு கொடுத்தேன். அவனுக்குக் கிடைக்காத அந்த அரை நாளை 181 பக்கத்துக்கு நீட்டினேன். ஊரெல்லாம் சுற்றவிட்டேன். படிக்கிறவர்கள் 'மனதுக்கு இதமான நூல்' என்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

11.50. கேலாங் கிழக்கு, சிவன் கோயில். எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், படம் வந்தது.

செருப்புக் குவியல் மட்டும். நடுவில் ஒரு ஜோடி பட்டறை பூட்ஸ். பழசு. மூக்கில் தோல் உரிந்து உள்ளிருக்கும் இரும்பு தெரிகிறது. முத்து கோயில் வாசலில் கழற்றி வைக்கும் அதே மாதிரி. நான் எழுதியபோது மனதில் பார்த்த அதே மாதிரி. வே. போட்டிருந்தது அது.

இவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை. போலீஸில் சொல்லலாமா என்றார். என்னவென்று சொல்ல? ஒரு வாசகர் என் புத்தகத்தைக் கவனமாகப் படிக்கிறார் என்றா?

மிச்சம் இருப்பது கடைசி அத்தியாயம்.

மார்ச் 11, புதன்

மூன்று நாளாகப் படம் இல்லை. நிம்மதி வரவேண்டும், வரவில்லை. ரசத்தில் உப்பு இரண்டு தடவை.

கடைசி அத்தியாயத்தில் முத்து சுவா சூ காங் வருகிறான். அந்த கிளார்க்குக்கு நன்றி சொல்ல. ஒன்பதாம் மாடி, எதிரே எல்ஆர்டி தண்டவாளம், வாசலில் பழைய மீன் தொட்டியில் கறிவேப்பிலைச் செடி. நேரம் மாலை 4.10. பூட்ஸைக் கழற்றி வைக்கிறான், தண்ணீர் கேட்கிறான்.

அது என் வீடு. சோம்பேறித்தனம்தான். கற்பனை செய்ய ஒரு வீடு தேவைப்பட்டது, கண்ணெதிரே ஒன்று இருந்தது. அச்சுப் புத்தகம் என்றால் கடையில் மிச்சமிருப்பதையாவது திரும்ப வாங்கலாம். அனுப்பிய கோப்பை என்ன செய்வது.

மீன் தொட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். தரையில் தொட்டி அளவுக்கு ஈரக் கறை. சாயங்காலம் பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. மறுபடி வெளியே வைத்தேன்.

மார்ச் 14, சனி

நல்ல வெயில். மூன்றரையிலிருந்து ஹாலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெங்காயம் உரிப்பதாகப் பாவனை.

4.10. வாசல் மணி அடித்தது.

இவர்தான் போய்க் கதவைத் திறந்தார்.

"யாரும் இல்ல லா. வாசல்ல ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் இருக்கு."

எழுந்தேன். வாசலுக்குப் போனேன். பூட்ஸ் தொட்டிக்குப் பக்கத்தில், மூக்கு கதவைப் பார்த்தபடி. தாழ்வாரக் கோடியில், லிஃப்ட் அருகே ஒரு பெண் நின்றாள். இருபத்து மூன்று வயது இருக்கும். தாதி உடுப்பு. வெறுங்கால், செருப்பு கையில்.

"மேடம், கொஞ்சம் தண்ணி குடுக்குறீங்களா?"

நாவலில் முத்து கேட்பது இதே சொற்கள். சொல் மாறவில்லை.

பெயர் கவிதா. வே.யின் மகள். அவர் போனபோது அவளுக்கு வயது ஐந்து. இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்கு வந்து ஏழு மாதம். உடன் தங்கியிருக்கும் பெண் என் முதல் அத்தியாயத்தை அனுப்பியிருக்கிறாள். அதில் முத்துவின் சாப்பாட்டு டப்பா. மற்றவர்களுடையதோடு கலந்துவிடாமல் இருக்கக் கைப்பிடியில் சிவப்பு ரிப்பன் கட்டியிருப்பான். அது தன் சடை ரிப்பன் என்றாள். அப்பா ஊருக்கு வந்திருந்தபோது அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனாராம்.

பூட்ஸ், கம்பெனி ஊருக்கு அனுப்பிய பையில் இருந்தது. விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அதை எடுத்துக்கொண்டு புத்தகத்தில் உள்ள இடங்களுக்குப் போயிருக்கிறாள். இந்த வாசலையும் தண்டவாளம், மீன் தொட்டி அடையாளம் வைத்தே தேடிப் பிடித்திருக்கிறாள். பயமுறுத்த நினைக்கவில்லை, எழுதியவர் அந்த இடங்களைப் பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தாளாம். முன்கூட்டியே பேசினால் நான் சந்திக்க மறுத்துவிடுவேனோ என்றும் பயமாம்.

தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்தச் சீட்ட நெசமாவே நீங்க குடுத்தீங்களா?"

இவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும்.

"குடுத்தேன்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. பதினெட்டு வருஷமாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அப்ப கம்பெனி சொன்னது சரிதான். யாரும் போகச் சொல்லல, அவராத்தான் உள்ள போனாருன்னு காயிதம் அனுப்புனாங்க. அம்மா இன்னிக்கு வரைக்கும் நம்பல. சீட்டு கையில இருந்தும் திரும்பி உள்ள போயிருக்காருன்னா அப்பா மேலதான தப்பு. நாளைக்கு அம்மாகிட்ட பேசுவேன். சொல்லிடறேன்."

காலி டம்ளரைக் கையில் எடுத்தேன். புறப்பட்டாள். பூட்ஸை எடுத்துக்கொள்ளவில்லை. கடைசி அத்தியாயத்தில் அப்பா அதை இங்கேதானே கழற்றி வைக்கிறார், இங்கேயே இருக்கட்டும் என்றாள்.

லிஃப்ட் கீழே போகும் சத்தம். ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

மேகமூட்டம். தூக்கமே இல்லை. இவரிடம் காலையில் எல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன்.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்து நீ சாப்பிடவே இல்ல. எனக்கு ஞாபகம் இருக்கு," என்றார். பிறகு காப்பி போட்டார். அவர் காப்பி போட்டு வருஷக்கணக்கு.

கவிதாவை நான்கு தடவை அழைத்தேன். வேலை நேரம் போல, எடுக்கவில்லை. செய்தியாக எழுதினேன், அழித்தேன், எழுதினேன், அழித்தேன். கடைசியில் அவளுடைய பிரதியையே திறந்தேன். பொய் எங்கே இருக்கிறதோ அங்கேயே திருத்துவதுதான் முறை. பக்கம் 31.

'முத்து' என்ற பெயரை எடுத்தேன். மொத்தப் பத்தியையும் எடுத்துவிட்டு இப்படி எழுதினேன்:

வேலாயுதம் ஒன்பதரைக்கு டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். தலை சுற்றுகிறது, அரை நாள் சீட்டு வேண்டும் என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை. நாலு மணிக்கு வரச் சொன்னேன். வேறு வழியில்லாமல் வேலைக்குத் திரும்பினார். இரண்டு மணிக்கு இறந்தார். தப்பு அவருடையது இல்லை. எங்கே வந்து சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன். – சாந்தா.

முழுப் பெயர். இந்தத் தடவை எழுதக் கை வந்தது.

அதற்குப் பிறகு வந்ததெல்லாம் போயாக வேண்டியதாயிற்று. தேக்கா, தே, கோயில், மரத்தடித் தூக்கம், என் வாசல். அழித்துக்கொண்டே போனேன். பக்க வடிவமைப்பு மென்பொருளில் எழுத்து போனாலும் பக்கம் போகாது. 32-இலிருந்து 212 வரை வெள்ளை. ஒவ்வொன்றின் அடியிலும் 'இந்தப் பிரதி கா. வேலாயுதம் அவர்களுக்கு மட்டும்.' ஒரு தடவை முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். வெற்றுப் பக்கங்களை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்க நான் யார்.

4.10-க்கு அனுப்பினேன். நேரம் பார்த்து அனுப்பவில்லை, அப்படி அமைந்தது. முடித்தபோது அதுதான் மணி.

ஒரு டிக். இரண்டு. நீலம்.

"வாசிக்கிறேன்."

இவர் வாசலில் கறிவேப்பிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். பூட்ஸ் நனையாமல் கொஞ்சம் தள்ளி வைக்கிறார்.

4.31. இன்னொரு செய்தி.

"அப்பா உங்க வீட்டுக்கு வரவே இல்ல. பூட்ஸ எடுத்துக்க வரேன்."