இரண்டு பாஸ்போர்ட்டும் ஒரு தையலும்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குச் சுகம், அங்கே நீயும் மருமகளும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் தினமும் தையல் கடை ஷட்டரைத் தூக்குகிறேன். நீ எண்ணெய் போட்டுச் சரி செய்த பிறகு அது ஒரு கையால் ஏறுகிறது. அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண் நன்றாகத் தெரிகிறது, கொஞ்சம் அதிகமாகவே தெரிகிறது என்று வைத்துக்கொள், கூரையில் ஒட்டடை, பாத்திரத்தில் கறை, நான் தைத்த காலரில் அரை நூல் கோணல் என்று வீடு முழுக்கக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு திரிகிறார், டாக்டரிடம் சொல்லிப் பார்வையைக் கொஞ்சம் குறைத்துத் தரச் சொல்லட்டுமா என்று கேட்டேன், அதற்கும் சிரிப்பு. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் என்பதால் முன்னறை முழுக்கச் சீருடைக்கு வந்த நீலத் துணிதான், உட்கார இடமில்லை. மழைக்குச் சுவரில் ஓதம் ஏறி மெஷினுக்குப் பின்னால் சுண்ணாம்பு உதிர்கிறது. இதெல்லாம் எழுதுவதற்கு வேறு விஷயம் இல்லாமல் எழுதவில்லை, எழுத வேண்டியதை எழுதக் கை வராமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஏம்மா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று நீ போனில் கேட்டாய், சளி பிடிச்சிருக்கு என்றேன். சளியும் இல்லை, ஒன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போயிருந்த நேரம் நான் கூப்பிட்டேன், மருமகள் எடுத்தாள். குட்டி மடியில தூங்குது அத்தை, அதான் மெதுவா பேசுறேன் என்று ஆரம்பித்து, பேச்சுவாக்கில் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டாள். அவரு பாஸ்போர்ட் மேல டீயைக் கொட்டாம இருந்திருந்தா பிரசவத்துல என் பக்கத்துல இருந்திருப்பாரு, கையப் புடிச்சுக்க ஒரு ஆள் இல்லாம ஆஸ்பத்திரியில கத்தினேன், எனக்கு அது ஆறவே மாட்டேங்குது, இப்பெல்லாம் அவரு டீ டம்ளரைத் தொட்டாலே எரிச்சலா வருது என்றாள். எந்த டீ என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான், என் பெயர் வெளியே வராமல் இருக்க நீ அவளிடம் சொல்லி வைத்த டீ அது என்று விளங்கியது. அதற்கு மேல் அவள், நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க அத்தை, அவரு கவனமில்லாம இருந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னாள். நான் ம் என்றேன். உண்மை வாய் வரைக்கும் வந்தது ராசா, ஆனால் வெளியே வந்தது அந்த ம் மட்டும்தான். போனில் வராதது எழுத்தில் வருமா என்று பார்க்கிறேன். இதை நீ படித்துவிட்டு அவள் கையில் கொடுக்க வேண்டும், அதனால் அவளுக்குத் தெரியாததை முதலிலிருந்து எழுதுகிறேன், தெரிந்த கதைதானே என்று நீ தாண்டித் தாண்டிப் படிக்காதே.

அப்பா கண் ஆபரேஷனுக்காக நீ இரண்டு வாரம் லீவு போட்டு வந்தாய். உன் பாஸ்போர்ட் முடிய நாலு மாதம்தான் இருந்தது, இங்கேயே புதுப்பித்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று டிக்கெட் ஆபீஸ்காரர் சொல்ல, நீயும் எழுதிக் கொடுத்தாய், எட்டே நாளில் புதுசு வந்தது. பழசையும் ஒரு மூலையை வெட்டி, முதல் பக்கத்தில் ரத்து என்று முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். நான் அது செத்துப்போன புத்தகம் என்று நினைத்தேன். டிக்கெட் ஆபீஸ்காரர்தான் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார், பாஸ்போர்ட்தாம்மா ரத்து, உள்ள ஒட்டியிருக்கிற விசாவுக்கு இன்னும் ரெண்டு வருஷம் உயிர் இருக்கு, புதுசுல ஆள் யாருன்னு பார்ப்பாங்க, பழசுல விசாவைப் பார்ப்பாங்க, ரெண்டையும் கையோட எடுத்துட்டுப் போகணும், ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு செல்லாது என்றார். நீ தலையாட்டிவிட்டு வந்து புதுசைப் பையில் வைத்தாய், பழசைச் சாப்பாட்டு மேஜையில் விட்டுவிட்டாய். மறுநாள் பழசைப் பையில் போட்டுவிட்டுப் புதுசை அப்பாவின் சொட்டு மருந்துப் பெட்டிக்குள் வைத்திருந்தாய். சின்ன வயதில் ஒரு கால் செருப்போடு வீட்டுக்கு வந்தவன் நீ, உன் மறதி எனக்குத் தெரியாதா.

நீ கிளம்புகிற அன்றைக்கு மத்தியானம் முடி வெட்டிக்கொள்ளப் போனாய். நான் இரண்டு புத்தகத்தையும் எடுத்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தோல் பை தைக்கிற கனத்த மெஷினில், பதினெட்டாம் நம்பர் ஊசி மாட்டி, நைலான் நூல் கோத்து, முதுகை ஒட்டி ஒரே நேராகத் தைத்துவிட்டேன். மிதித்தால் கோணிவிடும் என்று சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றித் தைத்தேன். முன்னும் பின்னும் இரட்டைத் தையல் வேறு, பிரியக் கூடாதே என்று. அவ்வளவு சுத்தமான தையல் இந்த முப்பது வருடத்தில் நான் போட்டதில்லை, அதுதான் கொடுமை. அதை ஜிப் வைத்த துணிப் பைக்குள் போட்டு உன் கழுத்தில் மாட்டிவிட்டு, ரெண்டும் பத்திரமா இருக்கு, அங்க போய்த் திறந்தா போதும் என்றேன், அம்மா சொன்னால் சரி என்று நீ தடவிப் பார்த்ததோடு சரி.

ஏர்போர்ட்டில் பார்வையாளர் சீட்டு எடுத்துக்கொண்டு நானும் உன்னோடு உள்ளே வந்தேன். கவுண்டரில் இருந்த பெண் அதை வெளியே எடுத்து, புதுசைத் திறக்கப் பார்த்தாள், பாதிதான் திறந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு பெரிய அதிகாரியைக் கூப்பிட்டாள். விசா பக்கத்தில் ஓட்டை, புதுசில் உன் போட்டோ பக்கத்திலும் ஓட்டை. ரெண்டுமே சேதமாயிடுச்சு, இதை வெச்சு ஏத்த முடியாது என்றார் அவர். நான் என்ன செய்தேன் தெரியுமா மருமகளே, கைப்பையிலிருந்து நூல் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு, நானே பிரிச்சுத் தரேன் சார், ஒரு நிமிஷம் என்று கவுண்டருக்கு உள்ளேயே போய்விட்டேன். நூலைப் பிரிக்கலாம்மா, ஓட்டையை என்ன பண்ணுவீங்க என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். உன் புருஷன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கத்தரியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி மூடினான், விடும்மா, வா வீட்டுக்குப் போலாம் என்றான். டீ எங்கேயும் கொட்டவில்லை. அவன் அன்றைக்கு டீயே குடிக்கவில்லை.

அப்புறம் இருபத்தாறு நாள் ராசா. மறுபடியும் பாஸ்போர்ட், மறுபடியும் விசா, விளக்கக் கடிதம், விரல் ரேகை என்று நீ அலையாய் அலைந்தாய். எந்த ஆபீசில் எந்த ஜன்னல் எப்போது திறக்கும் என்பது உனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. நீ முகம் வாடி வருவாய், நான் தட்டு வைப்பேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது ராசா, அந்த இருபத்தாறு நாளும் எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. பெரிய தப்பு செய்துவிட்டோம் என்ற குறுகுறுப்பு ஒரு பக்கம், பிள்ளை பக்கத்து அறையில் புரண்டு படுக்கிற சத்தம் ஒரு பக்கம். உன் சட்டை கொடியில் காய்வதைப் பார்க்கவே இரண்டு தடவை கொல்லைப்பக்கம் போவேன்.

இதுவரைக்கும் உனக்குத் தெரியும். இனிமேல் எழுதப்போவது உனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. விசா ஒட்டிய பாஸ்போர்ட் புதன்கிழமை காலையில் வந்தது என்று நான் சொன்னேன் அல்லவா, அது வந்தது செவ்வாய்க்கிழமை. நீயும் அப்பாவும் கண் டாக்டரிடம் போயிருந்தீர்கள், கூரியர்காரரிடம் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். நீ திரும்பி வந்து, மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, கால்சட்டை மடிப்புகளில் நூல் பிரித்துக் கொடுத்துக்கொண்டே, உன் ஆபீஸ் மேனேஜர் மீட்டிங்கில் குறட்டை விட்ட கதையைச் சொன்னாய். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாய். உறை நீலத் துணி அடுக்குக்குக் கீழே, என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இப்போது கொடுத்தால் இன்றைய விமானத்துக்கே கிளம்பிவிடுவாய், பிரசவத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, ஒரு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்தேன். மறுநாள் காலையில், இப்பத்தான் குடுத்துட்டுப் போனாங்க என்று உன் கையில் கொடுத்தேன். நீ என்னைக் கட்டிக்கொண்டாய். அன்றைக்கே கிளம்பினாய். நீ வானத்தில் இருந்த நேரம் குட்டி பிறந்துவிட்டாள். அங்கே இறங்கி எனக்குப் போன் பண்ணி, ஒரு நாள்ல விட்டுட்டேம்மா, ஒரே ஒரு நாள் என்று அழுதாய். அந்த ஒரு நாளை எடுத்து வைத்திருந்தது நான்தான்.

தைத்தது தெரியாமல் செய்தது, அதற்கு என்னை முட்டாள் என்று சொல்லலாம். ஒளித்து வைத்தது தெரிந்தே செய்தது. கூரியர்காரர் கொடுத்த சீட்டை மெஷின் டிராயரில் பாபின்களுக்கு அடியில் போட்டு வைத்திருந்தேன், கிழித்துப்போட மனம் வரவில்லை, தேதி போட்டிருக்கிறது, இதோடு வைத்திருக்கிறேன். அம்மா வயசாகி ஏதோ உளறுகிறாள் என்று நீ சமாதானம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

மருமகளே, உன் கையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போனதற்கு அவன் காரணம் இல்லை. கோபம் உனக்கு வேண்டிய மட்டும் இருக்கட்டும், ஆளை மட்டும் மாற்றிக்கொள். என்னோடு பேச வேண்டாம் என்று தோன்றினால் பேசாதே, குட்டியின் சத்தத்தை மட்டும் போனில் கேட்க விட்டால் போதும், அதையும் உன் இஷ்டத்துக்கே விடுகிறேன். அவன் டீ குடிக்கட்டும். உன் பாஸ்போர்ட்டும் அடுத்த வருடம் முடிகிறது என்றாய், விசா பழசில்தான் இருக்குமாம், மறக்காமல் இரண்டையும் எடுத்து வை, மூலை வெட்டியிருக்கிறதே என்று தூக்கிப் போட்டுவிடாதே, இங்கே வந்தால் என் கண்ணில் படுகிற இடத்தில் வைக்காதே.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல், நூறு வருடம் இருக்க வேண்டும். குட்டிக்கு என் முத்தம். ராசா, அப்பா சொட்டு மருந்து போட மாட்டேன் என்கிறார், நீ சொன்னால் கேட்பார். அவரிடமும் இன்றைக்குச் சொல்லிவிடப் போகிறேன். கடைசியாக ஒன்று. இந்த நாலு தாளையும் நான் தைக்கவில்லை, குண்டூசிகூடக் குத்தவில்லை, எண் மட்டும் போட்டு மடித்திருக்கிறேன். நாலையும் சீட்டோடு அவள் கையில் கொடு. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று இதன் மேலும் டீயைக் கொட்டிவிட்டதாகச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்